11 வருஷ சர்வீஸ் எங்கே போனது? ஒரு மில் மேஸ்திரியின் ஓய்வுக்காலக் கணக்கு: நிகழ்வு ஆய்வு

கோவை மாவட்டத்தில் ஒரு நூற்பாலையின் ரிங் பிரேம் பகுதியில் மேஸ்திரியாக இருந்தவர் 2024 ஆகஸ்ட் 31 அன்று 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். அவருடைய பி.எஃப், ஓய்வூதியம், கிராஜுவிட்டி (பணிக்கொடை), ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை அந்த ஆண்டுத் தொடக்கத்தில் என்னிடம் வந்தது. தொழிற்சங்க அலுவலகத்தில் இப்படிப்பட்ட மனுக்களை எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த ஆய்வில் அவரை மேஸ்திரி என்றே குறிப்பிடுகிறேன். ஆலைகளின் பெயர்கள் தேவையில்லை. தொகைகள் படிக்க எளிதாக முழுமையாக்கப்பட்டவை.

ஓய்வு பெறுபவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, வரும் பணத்தை எங்கே போடலாம் என்பதுதான். அது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். எவ்வளவு வரும், எத்தனை வருஷம் கணக்கில் ஏறும், மருத்துவ வசதி தொடருமா என்பதெல்லாம் ஓய்வுக்கு முந்தைய ஓராண்டில், ஏட்டில் இருக்கும் தேதிகளும் பெயர்களும் சரியாக இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தே முடிவாகின்றன. மேஸ்திரியின் விஷயத்தில் அது எப்படி நடந்தது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

கையில் இருந்த விவரம்

மேஸ்திரி இரண்டு ஆலைகளில் வேலை பார்த்தவர். முதல் ஆலையில் 1998 செப்டம்பர் முதல் 2009 ஆகஸ்ட் வரை 11 ஆண்டுகள். அந்த ஆலை பிறகு மூடப்பட்டுவிட்டது. இரண்டாவது ஆலையில் 2009 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை 15 ஆண்டுகள். கடைசியாக அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ரூபாய். மொத்தச் சம்பளம் 22,100. மனைவிக்குச் சர்க்கரை நோய், அவருக்கு ரத்தக் கொதிப்பு. மகள் திருமணமாகிப் போய்விட்டார், மகன் திருப்பூரில் வேலையில் இருக்கிறார்.

மகன் இணையத்தில் கிடைத்த ஒரு கணக்கீட்டுப் பக்கத்தில் 26 வருஷ சர்வீஸ், 15,000 சம்பளம் என்று போட்டுப் பார்த்து, அப்பாவுக்கு மாதம் 6,000 ரூபாய் பென்ஷன் வரும் என்று சொல்லியிருந்தார். குடும்பம் அந்த எண்ணை நம்பித்தான் திட்டம் போட்டு வைத்திருந்தது. யூஏஎன், அதாவது ஒரு தொழிலாளியின் எல்லா பி.எஃப் கணக்கையும் சேர்க்கும் பொது எண், அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தால் 26 வருஷம் என்பதே அங்கே இல்லை. இரண்டாவது ஆலையின் 15 வருஷம் மட்டும்தான் இருந்தது.

யூஏஎன் எண் 2014-ல்தான் வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனி பி.எஃப் எண். 2009-ல் மூடிய கணக்கு 2014-க்குப் பிறகு பிறந்த எண்ணோடு தானாக இணையாது. முதல் ஆலையைப் பற்றி மேஸ்திரியிடம் கேட்டபோது, "அதெல்லாம் அப்பவே செட்டில் பண்ணி வாங்கியாச்சுங்க சார், அதுல ஒண்ணும் இல்லைங்க" என்றார். குடும்பத்தில் எல்லோரும் அதையே சொன்னார்கள்.

செட்டில் ஆனது எது?

இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பி.எஃப் என்று நாம் ஒரே பேச்சில் சொல்லிவிடுகிறோம். உள்ளே இரண்டு தனித்தனித் திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று வருங்கால வைப்பு நிதி. மற்றொன்று 1995-ல் வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம், பேச்சு வழக்கில் இபிஎஸ்-95. நிறுவனம் தன் பங்காகப் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மிச்சம்தான் வைப்பு நிதிக்கு. வைப்பு நிதியை எடுக்க 19-ஆம் எண் படிவம். ஓய்வூதியப் பங்கை எடுக்கவோ பாதுகாக்கவோ 10சி படிவம்.

10சி-யில் ஒரு முக்கியமான எல்லைக் கோடு இருக்கிறது. பத்து ஆண்டுக்குக் குறைவான சர்வீஸ் என்றால் அந்தப் பங்கைப் பணமாக எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அந்த வருஷங்கள் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். பத்து ஆண்டு நிறைந்துவிட்டால் பணமாக எடுக்க விதியே இல்லை. 'ஸ்கீம் சர்டிபிகேட்' என்ற சான்றிதழ்தான் தருவார்கள். இவருக்கு இத்தனை வருஷ ஓய்வூதியச் சேவை இருக்கிறது என்று சொல்லும் பத்திரம் அது.

மேஸ்திரியின் முதல் சர்வீஸ் 11 வருஷம். ஆகவே அவர் எல்லாவற்றையும் வாங்கிவிட்டதாக நினைத்தாலும் ஓய்வூதியப் பங்கை வாங்கியிருக்கவே முடியாது. அவர் 10சி கொடுக்கவில்லை, சான்றிதழும் வாங்கவில்லை என்பதே நடந்திருக்கக் கூடியது. அந்த 11 வருஷம் பழைய எண்ணின் கீழ் யாரும் கேட்காமல் கிடந்தது.

ஊகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மனு போட முடியாதே. மேஸ்திரியின் மனைவி பழைய காகிதங்களை ஒரு தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இருந்த 2009-ஆம் ஆண்டு வங்கிப் பாஸ்புக்கில் பி.எஃப் அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு வரவு. இரண்டு படிவமும் கொடுத்துப் பணம் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வரவு இருக்கும். அதோடு பழைய ஆண்டுக் கணக்குச் சீட்டுகள் சில. அவற்றில் பி.எஃப் எண் தெளிவாக இருந்தது. முதல் ஆலை கொடுத்த பணி விடுவிப்புக் கடிதமும், பணியில் சேர்ந்த தேதியோடு பழைய ஈஎஸ்ஐ அட்டையும் கிடைத்தன. பல வீடுகளில் இதெல்லாம் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது குப்பைக்குப் போய்விடும். அந்த அம்மா எதையும் தூக்கிப் போடாதவர். இந்த வழக்கில் பாதி வேலையை முடித்தவர் அவர்தான் என்பேன்.

பெயரும் பிறந்த தேதியும்

எண் கிடைத்தது. ஆனால் பழைய ஏட்டில் இருந்தவரும் ஆதாரில் இருப்பவரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் இது தீராத தலைவலி. குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நமக்கு இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். மேஸ்திரியின் பழைய ஏட்டில் இனிஷியல் பெயருக்கு முன்னால். இரண்டாவது ஆலையில் பெயருக்குப் பின்னால். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக விரிந்து, பெயரோடு ஒட்டிக் கொண்டிருந்தது. கணினிக்கு இவர்கள் மூன்று பேர்.

பிறந்த ஆண்டிலும் ஒரு வருஷம் வித்தியாசம். 1998-ல் ஆலையில் சேரும்போது ஆபீஸ் எழுத்தர் கேட்டதற்கு வாயால் சொன்ன ஆண்டு 1965. பள்ளி மாற்றுச் சான்றிதழில் 1966. சின்ன வித்தியாசம்தானே என்று விட முடியாது. 58 வயதோடு ஓய்வூதியச் சேவை நிற்கிறது, ஓய்வூதியம் தொடங்குகிறது. ஒரு வருஷம் முன்னே காட்டினால் கடைசி ஓராண்டுச் சந்தாவே தவறு என்று ஆகிவிடும்.

இரண்டாவது ஆலையில் திருத்தம் சுலபம். தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி போதும். மூடிய ஆலைக்கு யார் கையெழுத்துப் போடுவது? அதற்கும் வழி இருக்கிறது. நிறுவனம் மூடப்பட்டிருந்தால் வங்கி மேலாளர், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் போன்றவர்களின் சான்றொப்பத்தை ஏற்பார்கள். கணக்கு வைத்திருக்கும் வங்கியின் மேலாளர் ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் பார்த்துக் கையெழுத்திட்டார். அதை 10சி படிவத்தோடு சேர்த்து, பழைய ஆலை எந்த மண்டல அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அங்கே நேரில் கொடுக்கச் சொன்னேன். ரசீது இல்லாமல் திரும்பி வர வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்பினேன். ஏனென்றால் பிறகு குறைதீர்ப்பு இணையதளத்தில் புகார் போட வேண்டி வந்தால் அந்த ரசீது எண்தான் பிடிமானம்.

சான்றிதழ் ஓய்வுக்கு முன்பே கைக்கு வந்தது. அதில் சம்பளமில்லா நாட்களாக சில மாதங்கள் காட்டியிருந்தார்கள். ஆலையில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் நடந்த காலம் அது. சந்தா செலுத்தாத நாட்கள் ஓய்வூதியச் சேவையில் கழியும். ஆனால் மொத்தச் சேவையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ மிச்சமிருந்தால் முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். கழித்த நாட்கள் அரை வருஷத்துக்கும் குறைவு. ஆகவே 26 என்ற எண் நின்றது.

6,000 ஏன் வரவில்லை

சேவை முழுசாக வந்த பிறகும் மகன் சொன்ன 6,000 வராது என்பதை அவருக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஓய்வூதியச் சம்பளத்தை ஓய்வூதியச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். கடைசி 60 மாதச் சராசரிதான் ஓய்வூதியச் சம்பளம். அதற்கு உச்சவரம்பு 15,000. மேஸ்திரியின் அடிப்படையும் பஞ்சப்படியும் அந்த 60 மாதமும் 15,000-ஐத் தாண்டியே இருந்தன. இருபது ஆண்டு சேவை முடித்ததால் போனஸாக இரண்டு ஆண்டுகள் சேரும். 15,000 பெருக்கல் 28, வகுத்தல் 70. விடை 6,000. கணக்கு சரி, ஆனால் பாதி விதியை விட்டுவிட்ட கணக்கு.

உச்சவரம்பு 15,000 ஆனது 2014 செப்டம்பர் 1 முதல்தான். அதற்கு முன் 6,500. அந்தத் தேதிக்கு முந்தைய சேவைக்கு 6,500 வரை, பிந்தைய சேவைக்கு 15,000 வரை என்று பிரித்துக் கணக்கிட வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது. இந்தத் திருத்தத்தைப் பெருமளவு ஏற்றுத்தான் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

மேஸ்திரிக்கு 2014 ஆகஸ்ட் வரை 16 ஆண்டுகள், அதன் பிறகு 10 ஆண்டுகள். 16 பெருக்கல் 6,500 என்றால் 1,04,000. 10 பெருக்கல் 15,000 என்றால் 1,50,000. இரண்டும் சேர்ந்து 2,54,000. அதை 70-ஆல் வகுத்தால் 3,628 ரூபாய். போனஸ் இரண்டு ஆண்டையும் சேர்த்தால் 3,800-ஐத் தாண்டும்.

பழைய 11 வருஷத்தைத் தேடாமல் விட்டிருந்தால்? 5 பெருக்கல் 6,500, அதோடு 10 பெருக்கல் 15,000. மொத்தம் 1,82,500. வகுத்தால் 2,607. இருபது ஆண்டு ஆகாததால் போனஸ் வருஷத்தையும் அதை வைத்துக் கேட்க முடியாது. ஒரு சான்றிதழால் மாதம் 1,200 ரூபாய் வித்தியாசம், ஆயுளுக்கும். அவருக்குப் பின் மனைவிக்கு ஓய்வூதியத்தில் பாதி போகும் என்பதால் அந்த அம்மாவின் ஆயுளுக்கும்.

பி.எஃப் பாஸ்புக்கின் ஓய்வூதியப் பத்தியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2014 வரை மாதம் 541, பிறகு 1,250 என்று வரிசையாக இருக்கும். 6,500-க்கும் 15,000-க்கும் 8.33 சதவீதம் அது. பலர் அதைக் கூட்டி, வட்டி போட்டு, என் பணம் இவ்வளவு இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்தப் பத்தியில் வட்டி ஏறுவதில்லை. கிடைக்கப் போவது சூத்திரப்படி வரும் மாதத் தொகை மட்டும்தான். அதுவும் விலைவாசிக்கு ஏற்ப உயராது, பஞ்சப்படி கிடையாது. 2024-ல் தொடங்கிய தொகையே 2040-லும் வரும் என்று வைத்துத்தான் திட்டமிட வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் 1,000 ரூபாய் என்பதை நினைத்தால் இந்தத் திட்டம் எவ்வளவு கஞ்சத்தனமானது என்பது தெரியும்.

அதிக ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்றும் மகன் கேட்டார். முழுச் சம்பளத்துக்கும் வைப்பு நிதி பிடித்தவர்களுக்கான விவகாரம் அது. இந்த ஆலையில் 15,000-க்கு மட்டுமே பிடித்தார்கள். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

58-லா, 60-லா

ஓய்வூதியத்தை 60 வயது வரை தள்ளிப் போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும். உடன் வேலை பார்த்த ஒருவர் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார். இரண்டு ஆண்டு பொறுத்தால் மொத்தம் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதல். ஆனால் 24 மாத ஓய்வூதியத்தை விட்டுக் கொடுக்கிறோம். விட்ட 24 மாதத்தை மாதம் 8 சதவீதக் கூடுதலால் ஈடுகட்ட 300 மாதங்கள் ஆகும். அதாவது 60-லிருந்து இன்னும் 25 வருஷம், 85 வயது. வேறு வருமானம் இல்லாத ஒரு தொழிலாளிக்கு இது பொருந்தாது. 58-லேயே வாங்கச் சொன்னேன். 60 வரை வேலையும் சம்பளமும் உறுதியாக இருக்கிறவர், குடும்பத்தில் நீண்ட ஆயுள் உள்ளவர் என்றால் யோசிக்கலாம்.

ஜூன் மாதச் சம்பள உயர்வு

இனி மருத்துவம். என் பார்வையில் ஓய்வூதியத்தைவிட இதுதான் பெரிய விஷயம். இந்த வழக்கில் நூலிழையில் தப்பியதும் இதுதான்.

ஈஎஸ்ஐ-யில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள்தான் இருக்க முடியும். அந்த வரம்பு 2017 ஜனவரியில் வந்தது, அதற்கு முன் 15,000. மேஸ்திரி 2015-ல் 15,000-ஐத் தாண்டி வெளியேறியவர். வரம்பு உயர்ந்ததும் மறுபடி உள்ளே வந்தார். குறைந்தது ஐந்து ஆண்டுகள் காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெறுகிறவர் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் ஈஎஸ்ஐ மருத்துவ வசதியைத் தொடரலாம். எழுத்துப் பிழை இல்லை, மாதத்துக்குப் பத்து ரூபாய்தான். இப்படி ஒரு விதி இருப்பது எங்கள் பகுதியில் ஆலைத் தொழிலாளர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஆலை அலுவலகங்களும் வாயைத் திறப்பதில்லை.

நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அந்த விதிப்படி ஓய்வு பெறும்போது காப்பீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். சம்பள வரம்பைத் தாண்டி வெளியேறிய சிலருக்கும் இந்த வசதியைத் தர ஈஎஸ்ஐ கழகம் 2024 பிப்ரவரியில் முடிவெடுத்தது, ஆனால் அதை நம்பி நான் இருக்க விரும்பவில்லை. மேஸ்திரியின் சம்பளம் 2024 மே வரை 20,700. ஜூனில் ஊதிய ஒப்பந்தம் திருத்தப்பட்டு 22,100 ஆனது. ஜூன் சம்பளச் சீட்டில் ஈஎஸ்ஐ பிடித்தம் இல்லை. கேட்டதற்கு, 21,000 தாண்டிவிட்டதே, இனி உங்களுக்கு ஈஎஸ்ஐ இல்லை என்று அலுவலகத்தில் பதில். மேஸ்திரியும் சரி என்று வந்துவிட்டார். கையில் நூற்றைம்பது ரூபாய் கூட வருகிறதே என்று ஒரு திருப்தி வேறு.

ஆனால் ஈஎஸ்ஐ சந்தாக் காலம் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை. ஒரு காலம் தொடங்கும்போது வரம்புக்குள் இருந்தவர், நடுவில் சம்பளம் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை உள்ளேதான் இருப்பார். கூடிய சம்பளத்துக்கும் சேர்த்தே சந்தா கட்ட வேண்டும். ஏப்ரல் 1 அன்று மேஸ்திரியின் சம்பளம் 20,700. ஆகவே செப்டம்பர் 30 வரை அவர் காப்பீடு பெற்றவர். ஓய்வு ஆகஸ்ட் 31.

தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 22,100-க்கு 166 ரூபாய். நிறுவனப் பங்கு 3.25 சதவீதம், 719 ரூபாய். ஆலைக்கு மூன்று மாதத்தில் மிச்சமாகியிருக்கக் கூடியது இரண்டாயிரத்துச் சொச்சம். அதற்காக இரண்டு பேரின் மருத்துவ வசதி சிக்கலில் மாட்டியிருக்கும். ஆலைக்காரர்கள் வேண்டுமென்றே செய்ததாக நான் நினைக்கவில்லை. சம்பள மென்பொருளில் 21,000 என்று ஒரு வரம்பு இருந்தது, அது பிடித்தத்தை நிறுத்திவிட்டது, யாரும் விதியைப் பார்க்கவில்லை. சந்தாக் கால விதியைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் கொடுத்ததும் ஜூன் முதல் சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

அதே சம்பள உயர்வு மார்ச் மாதத்திலேயே வந்திருந்தால் ஏப்ரல் 1 அன்றே அவர் வெளியே. ஓய்வு பெறும் வருஷத்தில் ஊதிய உயர்வு எந்த மாதம் வருகிறது என்பதை ஏன் பார்க்க வேண்டும் என்றால் இதற்காகத்தான். 21,000-க்குப் பக்கத்தில் இருக்கிறவர்களிடம் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

120 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது என்று இளக்காரமாகக் கேட்பவர்கள் உண்டு. தனியார் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். 58 வயதில் சர்க்கரையும் கொதிப்பும் இருக்கும் தம்பதி புதிதாக எடுத்தால், முன்பே இருக்கும் நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்க விதி இடம் தருகிறது. ஆனால் இவர்களுக்கு மாதாமாதம் ஆகும் செலவு மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்தான். ஈஎஸ்ஐ மருந்தகத்தில் அது கிடைக்கும். பெரிய நோய் என்றால் சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், காலையிலேயே போக வேண்டும், அது உண்மை. ஓய்வு பெற்றவருக்கு நேரம் இருக்கிறது.

மகனின் நிறுவனக் குழுக் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்கும் வசதி இருந்தது, மகன் சேர்த்துவிட்டார். நல்லதுதான். ஆனால் அது மகனின் வேலையோடு வரும், வேலையோடு போகும். அதை மட்டும் நம்ப வேண்டாம் என்றேன்.

ஈஎஸ்ஐ கை நழுவியிருந்தால் அடுத்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். அதில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. மாத்திரைகளுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வரும். மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை 70 வயதில்தான். அதற்கு வருமான வரம்பு இல்லை, ஈஎஸ்ஐ இருந்தாலும் வாங்கலாம். மேஸ்திரிக்கு அந்த வயது 2036-ல் வரும்.

ஒரு கடிதம், இரண்டு இடம்

ஓய்வு நாளுக்கு முன் ஆலையிடமிருந்து ஒரு கடிதம் கேட்டு வாங்கச் சொன்னேன். "58 வயது நிறைந்து வயது முதிர்வால் ஓய்வு பெற்றார்" என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். பணியிலிருந்து நின்றார், விலகினார் என்றெல்லாம் இருக்கக் கூடாது. ஈஎஸ்ஐ 120 ரூபாய்த் திட்டத்துக்கு அந்தக் கடிதம் வேண்டும். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கும் அதுவே வேண்டும். 60 வயது ஆகாதவர் அந்தத் திட்டத்தில் சேர வேண்டுமென்றால் 55-க்கு மேல் ஓய்வு பெற்று, ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். யூஏஎன் பதிவிலும் வெளியேறிய காரணம் ஓய்வு என்றே பதிய வேண்டும். அலுவலகத்தில் ஏதோ ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்திவிட்டால் பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு.

கிராஜுவிட்டியில் வழக்கமான தகராறு ஒன்று வந்தது. ஆலை கணக்குப் போட்டது 1,36,500 ரூபாய். சம்பளத்தை 30-ஆல் வகுத்திருந்தார்கள். சட்டப்படி 26-ஆல் வகுக்க வேண்டும். 18,200-ஐ 26-ஆல் வகுத்து 15 நாளால் பெருக்கினால் 10,500. அதை 15 ஆண்டால் பெருக்கினால் 1,57,500. வித்தியாசம் 21,000. தொழிலாளர் துறைக்குப் போகாமலே, கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் கொடுத்துவிட்டார்கள். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டிய பணம் அது, தாமதித்தால் வட்டியும் உண்டு.

வைப்பு நிதியில் நாலரை லட்சம் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு நடுவில் எடுத்திருந்தார், இல்லையென்றால் இன்னும் இருந்திருக்கும். 55-க்கு மேல் ஓய்வு பெற்றவர் பணத்தை எடுக்காமல் விட்டால் மூன்று ஆண்டு வரை வட்டி ஓடும், 2023-24-க்கு அது 8.25 சதவீதம். ஆனால் இவருக்கு வேண்டியது வீட்டுச் செலவுக்கான வருமானம். கிராஜுவிட்டியோடு சேர்த்து 5 லட்சத்தை 8.2 சதவீத வட்டி தரும் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 10,250 ரூபாய் வருகிறது. மிச்சம் ஒரு லட்சத்துச் சொச்சம் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது. அதைத் தொடாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஈஎஸ்ஐ இருந்தாலும் ராத்திரி நெஞ்சுவலி என்றால் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்குத்தான் ஓடுவார்கள்.

ஓய்வூதியத்துக்கான 10டி படிவம் செப்டம்பரில் போனது, ஸ்கீம் சர்டிபிகேட்டோடு. ஓய்வூதியம் நிலுவையோடு வரத் தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்றிதழ் தர வேண்டும். இந்தத் திட்டத்தில் நவம்பரில்தான் தர வேண்டும் என்று இல்லை, எந்த மாதம் தந்தாலும் அதிலிருந்து ஓராண்டு செல்லும். 2025 ஜனவரி முதல் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் ஓய்வூதியம் வாங்கலாம் என்று ஆகிவிட்டதால், மகன் வீட்டுக்குக் குடிபோனாலும் கணக்கை மாற்றி அலைய வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. மனைவியின் பெயர் ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. பிறந்த ஆண்டும் ஆதாரில் ஏறத்தாழ எழுதியதுதான். பாதி ஓய்வூதியம் அவருக்குப் போகும் நாளில் மேஸ்திரி பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட முடியாது. அவர் இருக்கும்போதே திருத்தி, குடும்ப விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஆதார் மையத்தில் மகன் நேரம் வாங்கியிருக்கிறார். தகரப் பெட்டியிலிருந்து திருமணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.